தாளிக்காத குழம்பு

மாப்பிள்ளைக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஆள் இல்லை என்பதுதான் அந்தோணிசாமி கண்டுபிடித்த ஒரே குறை. வேலையில் குறை சொல்ல முடியவில்லை. தனிஸ்லாஸ் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஆணி செய்யும் கம்பெனி ஒன்றில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். வேதத்திலும் முடியவில்லை, அவன் அப்பா யாகப்பன் முப்பது வருஷம் உபதேசியாராக இருந்தவர், சாமியார் வர வசதிப்படாத ஊர்களுக்கெல்லாம் சிலுவையும் ஜெபப் புத்தகமுமாகப் போய் வந்தவர். நிறத்தைச் சொல்லலாம் என்று பார்த்தால் அந்தோணிசாமியும் அதே நிறம். ஆகவே சொந்தபந்தத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா போனதும் ஆறு வயசுல போர்டிங்ல போட்டுட்டாங்க. அங்கியே கஞ்சி குடிச்சு வளந்த புள்ள. நல்லது கெட்டதுன்னா வந்து நிக்க நாலு பேரு இருக்காங்களா அவனுக்கு?" என்று மகளைக் கேட்டார்.

மகள் செலின் மேரி இதை வில்லியனூர் பஸ் நிறுத்தத்தில் வைத்து தனிஸ்லாசிடம் அப்படியே ஒப்பித்தாள். பக்கத்தில் பால்வாடி டீச்சர் வேலை பார்ப்பவள். ஒப்பிப்பதில் பிசகு வராது.

"ஞாயித்துக்கெழம அப்பாவும் அத்தையும் மடுகரைலேருந்து வூடு பாக்க வராங்க. அத்த சொல்றதுதான் எங்கூட்ல நடக்கும். கை நனைச்சாங்கன்னா முடிஞ்சது. நனைக்காம எழுந்துட்டாங்கன்னா அதுவும் முடிஞ்சது."

கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் குடிப்பார்கள், வெற்றிலை போடுவார்கள், ஓட்டைப் பார்த்து எத்தனை மழை தாங்கும் என்று கேட்பார்கள். இலையில் மட்டும் கை வைக்க மாட்டார்கள். வைத்தால் பெண்ணைக் கொடுத்ததாக அர்த்தம். அப்புறம் மாப்பிள்ளைக்கு வலிப்பு என்று தெரியவந்தால்கூடப் பேச்சு மாறாது.

"சொந்தம் இல்லன்னு யாரு சொன்னது?" என்றான் தனிஸ்லாஸ். "ஆல்பமே இருக்கு."

அவனுக்கு அந்த ஆல்பத்தில் பெரிய நம்பிக்கை. போர்டிங்கில் மற்றப் பையன்களுக்கு அப்பா அம்மா பண்டம் எடுத்துக்கொண்டு வந்தபோது அவன் பண்டம் இல்லாமல் ஞாபகத்தைத் தின்று வளர்ந்தவன். ஆறு வயதுக்கு முன்னால் அவன் போய்வந்த அத்தனை ஊர்களுக்கு வேறு எவனும் போயிருக்க மாட்டான். திடீரென்று வாசலில் மாட்டுவண்டி வந்து நிற்கும். அம்மா மதலேனாள் அவசர அவசரமாக அவனுக்கு நல்ல சட்டை போடுவாள். எங்கேம்மா என்றால் ஊருக்கு என்பாள். பாகூர், மடுகரை, சேதராப்பட்டு என்று ஏதாவது ஓர் ஊர். போய் இறங்கியதும் சொந்தக்காரப் பெண்கள் ஓடிவந்து ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். பார்த்து எத்தனை நாளாயிற்றோ. அவ்வளவு பாசமான குடும்பத்தை அவன் பிற்பாடு எங்கும் பார்த்ததில்லை. அப்பா ஜெபம் சொல்வார். அம்மா பாடுவாள். அம்மா பாடினால் அழாத ஆள் கிடையாது, அப்பேர்ப்பட்ட குரல். அப்புறம் எல்லோரும் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். கடைசியில் பந்தி.

அந்தப் போட்டோக்கள்தான் ஆல்பம். எல்லாவற்றிலும் நடுவில் ஒரு நாற்காலி. அதில் மாலை போட்டுக்கொண்டு ஒரு பெரியவர். பெரும்பாலும் தூங்கிவிட்டிருப்பார். சிலருக்குத் தாடையைச் சுற்றித் தலையோடு சேர்த்து வெள்ளைத் துணி கட்டியிருக்கும். தனிஸ்லாசின் கணக்கில் அவன் வம்சத்தில் பல்வலி அதிகம்.

இருபத்தேழு வயது ஆண்பிள்ளைக்கு இது தெரியாதா என்று கேட்கலாம். அம்மா போனபோது அவனைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். போர்டிங்கில் யாரும் சாகவில்லை. அதற்குப் பிறகு அவன் எட்டிப் பார்த்த ஒன்றிரண்டு சாவுகளில் செத்தவர்கள் ஒழுங்காகப் படுத்திருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து மாலையும் போட்டுக்கொண்டிருக்கும் ஒருவரைச் சந்தேகப்பட அவனுக்கு முகாந்திரம் இல்லை. தவிர, படங்கள் அப்பாவின் டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தன. அவன் அவற்றை எடுத்துப் பார்த்ததைவிட நினைத்துப் பார்த்ததுதான் அதிகம்.

சனிக்கிழமை அவன் படங்களை எடுத்துக் கறுப்பு அட்டைப் புத்தகத்தில் ஒட்டினான். ஒட்டும்போதே வாயில் அந்தச் சாப்பாட்டின் ருசி வந்துவிட்டது. குடும்பத்தோடு ஊருக்குப் போய் உண்ட சாப்பாட்டையே பெண் வீட்டாருக்கும் போட்டால் என்ன என்று தோன்றியது. நல்ல யோசனை என்று அவனுக்குப் பட்டதற்கு அவனைத் தவிர யாரும் பொறுப்பில்லை.

"அப்பா, அந்தக் காலத்துல ஊருக்குப் போனா ஒரு பருப்புக் கொழம்பு ஊத்துவாங்களே. அத எப்டி வெக்கறது?"

யாகப்பனுக்குக் காது மந்தம். மறுபடி சத்தமாகக் கேட்டதும் புரிந்தது.

"பருப்ப வேக வெச்சு, புளி கரைச்சு ஊத்து. மஞ்சள் போடாத."

"மஞ்சள் இல்லாமயா?"

"போட மாட்டாங்க. தாளிக்கவும் மாட்டாங்க."

"ஏம்பா?"

"தாளிக்க மாட்டாங்க," என்று மட்டும் சொன்னார். முப்பது வருஷம் வாரத்துக்கு ஒரு தடவையாவது அந்தக் குழம்பைச் சாப்பிட்டவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"கூட இன்னா வெப்பாங்க?"

"அகத்திக்கீர. வாழக்காய மெளகு போட்டுப் பெரட்டுவாங்க. உங்கம்மாக்கு அந்த வாழக்கான்னா உசுரு."

அதைக் கேட்டதும் தனிஸ்லாசுக்குக் கண் கலங்கியது. மறுநாள் விடியற்காலையே வில்லியனூர் மார்க்கெட்டில் அகத்திக்கீரை வாங்கினான். கீரைக்காரி தையலம்மாள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருப்பா?" என்றாள். "பொண்ணு வூட்டுக்காரங்க," என்றான். "ஐயோ பாவம்," என்று ஒரு பிடி கொசுறு போட்டாள்.

யாகப்பன் பூசைக்குப் போயிருந்தார். தனிஸ்லாஸ் தானே சமைத்தான். கம்பெனி ரூமில் நாலு பேருக்குப் பொங்கிப் போட்ட கை, நன்றாகவே வந்தது.

விருந்தாளிகள் பதினோரு மணி பஸ்ஸில் வந்தார்கள். அத்தை காசம்மாள் அந்தோணிசாமிக்கு அக்கா. வெள்ளைப் புடவை, கழுத்தில் ஜெபமாலை, பேசுவதற்கு முன் ஆளை ஒரு தடவை அளந்து பார்க்கும் பழக்கம். புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டார். தாயில்லாத செலினை வளர்த்ததும் அவள்தான். அவளும் தம்பியும் கூடத்தில் பாயில் உட்கார்ந்தார்கள். பூசையிலிருந்து வந்த யாகப்பன் எதிரே சுவரில் சாய்ந்துகொண்டார்.

தண்ணீர் குடித்து முடித்ததும் அந்தோணிசாமி தொண்டையைக் கனைத்தார்.

"தப்பா எடுத்துக்காத தம்பி. எங்களுக்கு எல்லாத்தையும் விட சொந்தம் பெருசு. சொந்தம்னா இன்னா? எங்க மச்சான், இவங்க ஊட்டுக்காரரு, அல்போன்ஸ், அவரு போனப்ப மூணு நாளு பச்சத் தண்ணி எம் பல்லுல படல. ஊரே கெஞ்சுச்சு. முடியாதுன்னுட்டேன். அதான் சொந்தம். உனக்காக அப்டி பட்டினி கெடக்க ஒருத்தன் இருக்கானா?"

காசம்மாள் தலையசைத்தாள். "அது நெசம். அன்னிலேருந்து இவனுக்குப் போட்டுட்டுத்தான் நான் சாப்புடறேன். இருபத்திரண்டு வருஷமா."

"இருக்காங்க மாமா," என்றான் தனிஸ்லாஸ். இதற்காகத்தானே காத்திருந்தான். ஆல்பத்தை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்துத் திறந்தான். "இது பாகூரு. ஏரிக்கு அந்தாண்ட போகணும். எங்க பெரியப்பா ஒருத்தரு. நடுவுல உக்காந்துருக்காரு பாருங்க."

இருவரும் பார்த்தார்கள்.

"இன்னா இவருக்கு?" என்றாள் காசம்மாள்.

"தூங்குறாரு அத்த. வயசாயிடுச்சுல்ல. ஆனா ஊட்ல பந்தி பாக்கணுமே, அவ்ளோ ஜனம்."

பக்கத்தைப் புரட்டினான்.

"இது சேதராப்பட்டு. இப்ப எங்க கம்பெனி இருக்குல்ல, அதுக்குப் பின்னால தெரு. இவரு சின்னத் தாத்தா. இவருக்குப் பல்வலி."

"பல்வலியா," என்றார் அந்தோணிசாமி.

"துணி கட்டியிருக்காரு பாருங்க மாமா."

"தெரியுது." அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா படத்தையே பார்த்தாள். "இவரும் தூங்குறாரோ?"

"எங்க சொந்தத்துல கொஞ்சம் தூக்கம் ஜாஸ்தி மாமா."

"இவங்கள்லாம் அப்பறம் உன்ன வந்து பாத்தாங்களா தம்பி?"

இதுதான் அவனுக்கும் ஆறாத புண். "இல்ல மாமா. போர்டிங் போனப்பறம் ஒருத்தரும் வந்து பாக்கல."

"வந்திருந்தாதான் ஆச்சரியம்," என்றார் அந்தோணிசாமி.

அதைக் கேட்கப் பிடிக்காமல் தனிஸ்லாஸ் அடுத்த பக்கத்துக்குப் போனான். இருப்பதிலேயே நல்ல படம் அது. நாற்காலியில் இருந்தவர் வயதானவரும் இல்லை, தூங்கவும் இல்லை. கண்ணை அகலத் திறந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். நிஜத்தில் யாரும் அவ்வளவு அகலமாகத் திறக்க மாட்டார்கள்.

"இது உங்க ஊருதான் அத்த. மடுகரை. இந்த மாமா மட்டும் முழிச்சிட்டிருக்காரு. நான் எங்க நிக்கறேன் பாருங்க, அவரு முட்டியில சாஞ்சுகிட்டு. என் ஆயுசுலயே நல்ல நாளு இது."

காசம்மாள் ஆல்பத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். படத்தின் மேல் ஒரு விரலை வைத்தாள். விரல் அங்கேயே நின்றது.

"இது எங்க ஊட்டுக்காரரு," என்றாள்.

தனிஸ்லாசின் முகம் மலர்ந்தது. "அப்ப நாம ஏற்கெனவே சொந்தமா அத்த?"

"காலைல செத்தாரு. இது சாயங்காலம் எடுத்த படம்."

அவள் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சந்தையில் விலை சொல்வது போலச் சொன்னாள். அதனாலேயே அது அவன் காதுக்குள் போய்ச் சேர நேரம் பிடித்தது.

"கண்ணு..." என்றான் தனிஸ்லாஸ்.

"ஸ்டூடியோக்காரன் பிரஷ்ஷால வரைஞ்சது. கேட்டா வரைஞ்சு குடுப்பான். எங்கூட்ல இருந்த காப்பியக் கரையான் தின்னுடுச்சு."

அந்தோணிசாமி கையை நீட்டிச் சேதராப்பட்டுப் பக்கத்தைத் திருப்பினார். "பல்வலி இல்ல தம்பி. நாடிக்கட்டு. வாயி தொறந்துக்காம இருக்கக் கட்டுவாங்க."

தனிஸ்லாஸ் ஆல்பத்தைப் பார்த்தான். அவன் கண்ணெதிரிலேயே பாகூர்ப் பெரியப்பா செத்துப்போனார். சின்னத் தாத்தா செத்துப்போனார். அடுத்த பக்கத்தில் இருந்தவர், அதற்கும் அடுத்த பக்கத்தில் இருந்த பெரியம்மா, எல்லோரும் வரிசையாக, நாற்காலியில் உட்கார்ந்தபடியே, மாலையோடு செத்துப்போனார்கள். கட்டிப் பிடித்து அழுத பெண்கள் எதற்கு அழுதார்கள் என்று தெரிந்தது. அம்மா பாடிய பாட்டு என்ன பாட்டு என்று தெரிந்தது. முழங்காலில் சாய்ந்துகொண்டு நிற்கும் அந்தப் பையனின் கன்னம் எதன் மேல் பட்டிருக்கிறது என்று தெரிந்ததும் அவன் கை தானாகக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டது.

"அப்பா," என்றான். சத்தமாக. "இவங்க எல்லாருமா?"

"எல்லாரும்தான்," என்றார் யாகப்பன். "உசுரோட இருக்கறவனுக்கு எவன் அப்ப போட்டோ எடுத்தான்?"

"இவங்கள்லாம் நமக்கு இன்னா வேணும்?"

"நமக்கா? ஒண்ணும் வேணாம். சாவு வூட்ல வண்டி அனுப்புவாங்க. நான் ஜெபம், உங்கம்மா பாட்டு. உன்ன எங்க உட்டுட்டுப் போறது? போட்டோ எடுத்தா உபதேசியாருக்கும் ஒரு காப்பி குடுப்பாங்க. வேணாம்னு சொல்லக் கூடாது, மனசு சங்கடப்படுவாங்க."

"எங்கிட்ட ஊருக்குப் போறோம்னீங்க."

"ஊருக்குத்தான போனோம்," என்றார் அவர்.

ஒரு நிமிஷத்துக்கு முன்புவரை தனிஸ்லாசுக்கு ஆல்பம் நிறையச் சொந்தம் இருந்தது. இப்போது அவர்கள் செத்தது மட்டுமல்ல, சொந்தமாகவும் இல்லாமல் போனார்கள். அழலாம் என்றால் யாருக்காக அழுவது என்று புரியவில்லை.

காசம்மாள் யாகப்பனை உற்றுப் பார்த்தாள். "அந்த வருஷம் எங்க உபதேசியாரு காய்ச்சல்ல கெடந்தாருன்னு வில்லியனூர்லேருந்து ஒருத்தரக் கூட்டியாந்தாங்க. அது நீங்கதானா? தாடி வெச்சிருந்தீங்களே."

"நரைச்சதும் எடுத்துட்டேன்," என்றார் யாகப்பன்.

அதற்குள் அந்தோணிசாமியின் மூக்கு வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. எழுந்து போய்ச் சமையல்கட்டில் எட்டிப் பார்த்தார். ஒரு மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. இன்னொரு மூடி. அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை. திரும்பி வந்தபோது அவர் முகம் கோவில் சுவர் மாதிரி வெளுத்திருந்தது.

"அக்கா, எழுந்திரு. அகத்திக்கீர வெச்சிருக்கான். மஞ்ச இல்லாத பருப்பு. தாளிக்கல. பொண்ணு வூட்டுக்காரங்களுக்குச் சாவு வூட்டு சோறு ஆக்கி வெச்சிருக்கான்."

"அது சாவு வூட்டு சோறா?" என்றான் தனிஸ்லாஸ். இன்றைக்கு இதற்கு மேல் எதுவும் தாக்காது என்று அவன் நினைத்திருந்தான்.

"நீ திங்கத்தான் கேக்குறன்னு நெனச்சேன்," என்றார் யாகப்பன், மகனைப் பார்த்து. "இவங்களுக்குன்னு சொல்லலியே."

"எழுந்திரு அக்கா," என்றார் அந்தோணிசாமி மறுபடி. "செத்தவங்கள சொந்தம்னு காட்டறான். சாவு சோத்தப் போடறான். நாளைக்குத் தாலிக்குப் பதிலா இன்னாத்தக் கட்டுவானோ. இந்த சம்பந்தம் ஆவாது." வாசலுக்குப் போய்ச் செருப்பைக் காலால் தேடினார்.

காசம்மாள் எழுந்திருக்கவில்லை, ஆனால் ஆல்பத்தை மூடப் போனாள். மூடினால் செலின் மேரியும் அதோடு மூடிப்போவாள் என்று தனிஸ்லாசுக்குத் தெரிந்தது. அவன் அட்டைமேல் கையை வைத்தான்.

"அத்த, எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. எனக்கு அது பிக்னிக் மாதிரி. உங்க வூட்டுக்கு வந்த அன்னிக்கு நான் பசியில கத்திட்டேன். அம்மா பாடிக்கிட்டு இருந்தாங்க. அப்ப ஒரு மாமா என்ன சைக்கிள்ள முன்னால வெச்சு பாகூருக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஒரு பெட்டி வாங்கணும்னாரு."

"பெட்டியா?"

"பெரிய மரப்பெட்டி. டிரங்குப் பெட்டின்னு நெனச்சேன். ஆசாரி ஊட்ல ரெடியா இருந்துச்சு, வாடகை வண்டியில ஏத்திட்டோம். அப்பறம் அந்த மாமா மிலிட்டரி ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போனாரு. இட்லியும் தலக்கறியும். நான் அதுக்கு முன்ன தலக்கறி தின்னதே இல்ல அத்த. அப்பறம் ஏரிக்கரைல படுத்துத் தூங்கினோம். எழுந்து ஏரியில குளிச்சோம். மறுபடி அந்த ஓட்டலுக்கே போய் டீ குடிச்சோம். வெயில் தாழ்ந்தப்பதான் கெளம்புனோம். வண்டியில வரப்ப நான் பெட்டி மேல உக்காந்துகிட்டு..." அங்கே அவன் நிறுத்தினான். அந்தப் பெட்டி என்ன பெட்டி என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

வாசலில் செருப்புத் தேடும் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

"ஆசாரி ஊட்ல ரெடியா இருந்துச்சா?" என்றாள் காசம்மாள்.

"ஆமா அத்த."

"ஆசாரி ஊர்லயே இல்ல, தேடித் தேடி அலைஞ்சோம்னு எங்கிட்ட சொன்னாங்க. காலைலேருந்து பொழுது சாயறவரைக்கும் அவரு பக்கத்துல ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். பெட்டி வரலன்னு." ஆல்பத்தைத் திறந்து அவன் பக்கம் திருப்பினாள். "எந்த மாமா? இதுல இருக்காரா?"

தனிஸ்லாஸ் படத்தைப் பார்த்தான். நாற்காலிக்குப் பின்னால், நெற்றியில் சுருட்டை முடி தொங்க, ஈரத் தலையோடு ஓர் இளைஞன் துக்கமாக நின்றிருந்தான். மற்ற எல்லோருடைய தலையும் காய்ந்திருந்தது. தனிஸ்லாஸ் அந்த முகத்திலிருந்து முடியை எடுத்துவிட்டு, இருபத்திரண்டு வருஷத்தையும் கொஞ்சம் தொப்பையையும் வைத்துப் பார்த்தான். பிறகு மெல்ல வாசல் பக்கம் திரும்பினான்.

வாசல்படியில் அந்தோணிசாமி ஒரு காலில் செருப்போடு நின்றிருந்தார்.

"சின்னப் புள்ள," என்றார் அவர். "நாலஞ்சு வயசு. கனவு கினவு கண்டிருக்கும். நல்லா யோசிச்சு சொல்லுங்க மாப்ள."

காலையிலிருந்து தம்பியாக இருந்தவன் மாப்பிள்ளை ஆனது அப்போதுதான். தனிஸ்லாசுக்கு அது புரியாமல் இல்லை. ஞாபகம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தோணிசாமியே அக்காவைச் சமாதானம் செய்து, சாவு சோற்றையும் சமாளித்து, பெண்ணைக் கொடுத்துவிடுவார். அவன் வாயைத் திறந்தான். பெரியப்பா போயிருந்தார், சின்னத் தாத்தா போயிருந்தார், போய்வந்த ஊர்களெல்லாம் போயிருந்தன. அத்தனையிலும் நிஜமாக ஒருவர் அவனைக் கூட்டிக்கொண்டு போய், நிஜமாகச் சிரித்துப் பேசி, நிஜமாக வாங்கிக் கொடுத்தது அந்த இட்லியும் தலைக்கறியும் மட்டும்தான். அதையும் இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"இவருதான் அத்த," என்றான். "ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டாரு."

சொல்லி முடித்ததும் செலின் மேரி பஸ் ஏறிப் போவது மாதிரி இருந்தது.

காசம்மாள் தம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை. படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள், வரவில்லை. தெரிந்த தெருவில் நடந்து போய்ச் சொந்த வீட்டைக் காணாமல் நிற்கிறவள் போல இருந்தாள்.

"இருபத்திரண்டு வருஷம்," என்றாள். "இவன் சாப்ட்டப்பறம் நான் சாப்ட்டேன். காய்ச்சல்ல கெடந்தாலும் எழுந்து இவனுக்குப் போட்டுட்டுத்தான் படுப்பேன். மூணு நாளு எனக்காகப் பட்டினி கெடந்தவன்னு."

"அக்கா, மீதி ரெண்டு நாளு நெசமாத்தான்..."

"உள்ள வாடா அந்தோணி."

ஐம்பது வயது அந்தோணிசாமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"தம்பி, எலய போடு," என்றாள் தனிஸ்லாசிடம்.

"அக்கா, இது சாவு சோறு. கை நனைச்சா..."

"நனை. இவனுக்கு வாழ்க்கப்படப் போறது நீயா? கேட்டா பொய் சொல்லாத ஒருத்தன் கெடைச்சிருக்கான். பொய் சொன்னா லாபம்னு தெரிஞ்சும் சொல்லல. நம்ம ஊட்ல இன்னொண்ணு அப்டி கெடையாது. உக்காரு."

அவர் உட்கார்ந்தார். தனிஸ்லாஸ் இலை போட்டான். கரண்டியை அவன் கையிலிருந்து காசம்மாள் வாங்கிக்கொண்டாள். சோற்றை வைத்தாள். குழம்பை ஊற்றினாள். வாழைக்காய் வைத்தாள். அகத்திக்கீரையை மட்டும் தட்டோடு கவிழ்த்தாள்.

"அன்னிக்கு எங்கூட்ல எல்லாரும் இதத்தான் சாப்ட்டாங்க. நீ மட்டும்தான் பாக்கி. சாப்புடு."

அந்தோணிசாமி ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். கை நனைந்தது. தனிஸ்லாசுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அவனுக்கு அது உடனே விளங்கவில்லை. அகத்திக்கீரையை வைத்துக்கொண்டு பெண் கொடுப்பார்கள் என்று யார் எதிர்பார்ப்பார்கள்.

"பந்தல்கால், சமையலு எல்லாம் எங்க பொறுப்பு," என்றாள் காசம்மாள் அவனிடம். "நீ அடுப்புப் பக்கம் வராத." பிறகு தனக்கும் ஓர் இலையைப் போட்டுக்கொண்டு தம்பிக்கு எதிரே உட்கார்ந்தாள். இரண்டாவது வாய் அவர் எடுப்பதற்குள் தானும் ஒரு வாய் சாப்பிட்டாள். மென்றபடியே கேட்டாள்: "எத்தன இட்லி தின்னான்?"

அந்தோணிசாமி தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தார்.

"எனக்கு அப்ப எண்ணத் தெரியாது அத்த," என்றான் தனிஸ்லாஸ்.

யாகப்பனுக்கு இதில் பாதிதான் காதில் விழுந்தது. ஆனால் கண் தெரியும். வெள்ளைப் புடவையில் ஓர் அம்மாள், இலையில் அகத்திக்கீரை, தலை குனிந்து ஒருவர், யாரும் பேசாத கூடம். முப்பது வருஷப் பழக்கம் அவரைச் சுவரிலிருந்து எழுப்பியது. அலமாரியிலிருந்து ஜெபப் புத்தகத்தை எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். பக்கம் தானாகத் திறந்துகொண்டது.

"பேரு?" என்று காசம்மாளைக் கேட்டார்.

தனிஸ்லாஸ் பதறிப்போய் அப்பாவின் கையைப் பிடித்தான். காசம்மாள் அவனை விடச் சொல்லிச் சைகை காட்டினாள்.

"அல்போன்ஸ்," என்றாள் சத்தமாக.

யாகப்பன் அல்போன்சுக்காக ஜெபம் சொன்னார். ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்ல வேண்டிய இடம் வந்தபோது, தனிஸ்லாசின் வாய் அவனைக் கேட்காமலே பதில் சொன்னது. அத்தனை வார்த்தையும் அவனுக்குத் தெரிந்திருந்தது. காசம்மாளும் சொன்னாள். கடைசியில் ஆமென் வந்தது. அந்தோணிசாமியின் வாய் நிறைய அகத்திக்கீரை. அவர் அதை மென்று விழுங்கும்வரை காசம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.